முதல் வருசம் டி.பி.யில போச்சு, அஞ்சு அரியர். இனிமே எம்.பி.பி.எஸ். நினைக்கலாமா?

தறிச்சத்தம் (குடியாத்தம்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க. வீட்டுல இதைப் பேசினா அம்மா அழுதுடறாங்க, அதனால இங்க.

அப்பா லுங்கித் தறி, அம்மா பீடி சுத்தறாங்க. நான் 2023-ல பிளஸ் டூ முடிச்சேன். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், 600-க்கு 541. அதே வருசம் நீட்டும் எழுதினேன், 720-க்கு 243. கோச்சிங்னு எங்கயும் போகல. ஸ்கூல்ல சனிக்கிழமை எடுத்த கிளாஸ்தான். சீட்டு கிடைக்கலைன்னதும் வேலூர்ல ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்துட்டேன். குடியாத்தத்துல பாசஞ்சர் ஏறி காட்பாடி, அங்கேருந்து டவுன் பஸ்.

அக்டோபர்ல ஆரம்பிச்சது. காலைல ஒண்ணுமே இருக்காது. சாயங்காலம் ரயில்ல திரும்பறப்ப லேசா உடம்பு சுடும். "ஜன்னலோரம் உக்காந்து வர்றா, காத்து அடிச்சிருக்கும்"னு பாட்டி மிளகு கஷாயம் போட்டாங்க. ஒரு கிளினிக்ல விடால் டெஸ்ட் எடுத்து டைபாய்டுன்னாங்க, மூணு வாரம் ஊசி. இன்னொரு இடத்துல வைரல்னு மாத்திரை. நான் 46 கிலோ இருந்தவ, 38 ஆயிட்டேன். சுடிதார் தோள்ல நிக்காது. டிசம்பர்ல மூச்சை இழுத்தா வலது விலாவுல குத்த ஆரம்பிச்சதும்தான் எக்ஸ்ரே எடுத்தாங்க. நுரையீரலைச் சுத்தி தண்ணி. முதுகுல ஊசி வச்சு எடுத்தப்ப வைக்கோல் நிறத்துல வந்தது, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. டி.பி.ன்னாங்க.

ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாசம் மூணு மருந்து. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும்னு யாரும் முன்னாடியே சொல்லல, முதல் நாள் பாத்ரூம்ல நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துட்டாங்க. அப்ப கவர்மெண்ட்ல மாசம் 500 ரூபாய் அக்கவுண்ட்ல போட்டாங்க, அதுல முட்டை. அம்மா இன்னிக்கு வரைக்கும் பீடித் தூள்தான் காரணம்னு நினைச்சுக்கினு இருக்காங்க. டாக்டர் கிருமின்னு சொன்னா நம்பறதில்ல.

காலேஜ் விஷயம். நவம்பர் செமஸ்டருக்கு என் அட்டெண்டன்ஸ் 52. ஹால் டிக்கெட் தரல. கையில இருந்தது டைபாய்டு சர்டிபிகேட் ஒண்ணுதான். "டைபாய்டுக்கு இவ்ளோ நாளா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் டி.பி.ன்னு தெரிஞ்சும் நான் போய்ச் சொல்லல. சொன்னா மதியம் கூட உக்காந்து சாப்பிடற ஹாஸ்டல் பொண்ணுங்க என் தட்டுல கை வைக்க மாட்டாங்கன்னு பயம். அது என் தப்புதான். முதல் செமஸ்டர் அஞ்சு பேப்பரும் அரியர். ரெண்டாவது செமஸ்டர்ல எழுதினேன், மாத்திரை சாப்பிட்டா வாந்தி வரும், மூணு போச்சு. இப்ப மூணாவது வருசம். எட்டுல ஆறு எடுத்துட்டேன், கெமிஸ்ட்ரி ரெண்டு பாக்கி. உடம்பு நல்லா இருக்கு, 47 கிலோ.

விஷயத்துக்கு வர்றேன். அந்த ஆறு மாசத்துல எனக்கு டாக்டர் ஆகணும்ங்கற ஆசை போகல, அதிகமாயிடுச்சு. போன மாசம் அமெரிக்காவுல இருக்கற அத்தை பையன் வந்திருந்தாரு. அங்கெல்லாம் நாலு வருசம் டிகிரி முடிச்சப்புறம்தான் மெடிசின், முதல் செமஸ்டர்லேருந்து ஒவ்வொரு மார்க்கும் பார்ப்பாங்க, ஃபெயிலாகித் திரும்ப எழுதினா ரெண்டு மார்க்கும் கணக்குல வரும், "உன் ரெக்கார்டு வச்சுக்கினு கஷ்டம்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னிலேருந்து தூக்கம் இல்ல.

இங்கயும் அப்படித்தானா? டி.பி. வந்தவங்களை மெடிக்கல் காலேஜ்ல எடுப்பாங்களா? டிகிரியை விட்டுட்டு நீட்டுக்குப் படிக்கறதா, முடிக்கறதா?

---

பாலாறு வத்திப்போச்சு

பாப்பா, உங்க அத்தை பையன் சொன்னது அந்த ஊருக்கு சரி. அங்க டிகிரிக்கு மேல எம்கேட்னு ஒரு பரீட்சை, 528-க்கு. டிகிரி மார்க்கும் சேர்த்துப் பார்ப்பாங்க. அவரு பார்த்ததை சொல்லிட்டுப் போயிட்டாரு. இது காட்பாடி.

இங்க எம்.பி.பி.எஸ்.ஸுக்கு பிளஸ் டூவுல இயற்பியல், வேதியியல், உயிரியல், இங்கிலீஷ் பாஸ் பண்ணியிருக்கணும், மூணு சயின்ஸும் சேர்த்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுக்கு 40. உன்கிட்ட அது தாராளமா இருக்கு. அதுக்கு மேல ரேங்க் போடறது நீட் மார்க் ஒண்ணை வச்சுத்தான். பி.எஸ்சி. மார்க்ஷீட்டை யாரும் கையில வாங்கிப் பார்க்கப் போறதில்ல. 25 வயசு உச்சவரம்பையும் 2022-ல எடுத்துட்டாங்க. எத்தனை தடவை எழுதலாம்ங்கறதுக்கும் கணக்கு கிடையாது. வேலூர் சி.எம்.சி. மெடிக்கல் காலேஜ்லயும் இப்ப நீட் இல்லாம எம்.பி.பி.எஸ். இல்ல.

நீ தப்பான மார்க்குக்கு அழுதுக்கினு இருக்கே. அழணும்னா அந்த 243-க்கு அழு.

அப்புறம் முக்கியமா ஒண்ணு. 6-லேருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியா? அப்படின்னா 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, 2020-ல வந்த சட்டம். கட்டணம், ஹாஸ்டல் செலவு அரசாங்கம் ஏத்துக்கும். ஆனா அரசு உதவி பெறும் பள்ளி அதுல வராது. நம்ம பக்கம் நிறைய ஸ்கூல் உதவி பெறும் பள்ளி, படிச்சவங்களுக்கே அது தெரியாது. போர்டுல என்ன எழுதியிருக்குன்னு போய்ப் பாரு.

---

ரெண்டாம் ஆட்டம்

தங்கச்சி, நான் ஆற்காடு. இப்ப தெக்குப் பக்கம் ஒரு அரசு மெடிக்கல் காலேஜ்ல ஹவுஸ் சர்ஜன். நானும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி ஒண்ணரை வருசம் படிச்சவதான். முதல் வருசம் மஞ்சள் காமாலை, ரெண்டரை மாசம் படுக்கை, நாலு அரியர். அதனால உன் போஸ்ட்டைப் படிச்சுட்டு நைட் டூட்டிக்கு நடுவுல உக்காந்து எழுதறேன்.

கவுன்சலிங்ல என் அரியரைப் பத்தி ஒரு வார்த்தை யாரும் கேக்கல. என்ன கேட்டாங்க தெரியுமா? "ஒரிஜினல் எங்கம்மா?" என் டி.சி., பிளஸ் டூ மார்க்ஷீட் எல்லாம் காலேஜ் பீரோவுல. வாங்கப் போனா, மிச்ச ஒண்ணரை வருச ஃபீஸையும் கட்டினாத்தான் தருவோம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. சர்டிபிகேட்டை அப்படிப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே உத்தரவு போட்டாச்சு. எங்கப்பா அந்த உத்தரவை ஜெராக்ஸ் எடுத்துக்கினு போய் பிரின்சிபால் ரூம் வாசல்ல காலைல பத்து மணிக்கு உக்காந்தவரு. சாயங்காலம் நாலு மணிக்குக் கொடுத்தாங்க. நடுவுல ஒருத்தர் டீ வாங்கிக் குடுத்தாராம், அதை இன்னும் சொல்லிக்கினே இருப்பாரு. அதனால இப்பவே காலேஜ்ல போனஃபைடு சர்டிபிகேட் (இங்க படிக்கறேன்னு சான்று) வாங்கி வை, ஒரிஜினல் எல்லாத்துக்கும் நல்ல காப்பி எடுத்து வை.

டி.பி. வந்து குணமானது தடை இல்ல. சேர்றப்ப உடல்தகுதிச் சான்று கேப்பாங்க, அவ்ளோதான். உன் சிகிச்சை அட்டை, முடிச்சாச்சுன்னு எழுதிக் குடுத்த பேப்பர், கடைசி எக்ஸ்ரே, மூணையும் ஒரு கவர்ல போடு. மருந்து முடிச்சு ரெண்டு வருசம் வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா செக்கப் இருக்கு, அதுக்குப் போறியா? நீ அதைப் பத்தி எழுதல, அதான் கேக்கறேன். நாலு மருந்துல எதாம்பியூட்டால்னு ஒண்ணு, சிலருக்குக் கண்ணுல சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பார்க்கறதைக் கெடுக்கும். உனக்குப் பார்வை சரியா இருந்தா விடு. சந்தேகம் இருந்தா ஒரு தடவை கண்ணைக் காட்டிடு.

படிப்பு. பேப்பர் இப்ப 180 கேள்வி, 180 நிமிசம், 720 மார்க். பாதி பயாலஜி, 360. சரிக்கு நாலு, தப்புக்கு ஒண்ணு கழிப்பாங்க. விலங்கியல் டிகிரி படிச்சா இது சுலபம்னு நினைச்சுடாத. நீ காலேஜ்ல முதுகெலும்பில்லாததை ஒரு செமஸ்டர் பூரா படிக்கறே, நீட்ல அதுக்கு ஒண்ணு ரெண்டு கேள்வி. பயாலஜியில பாதி தாவரவியல், அதை நீ மூணு வருசமாத் தொடல. பிசிக்ஸும் தொடல. என்.சி.இ.ஆர்.டி. (சென்ட்ரல் கவர்மெண்ட் பாடப்புத்தகம்) பயாலஜியை வரி வரியாப் படி, தமிழ்ல எழுதினாலும் பக்கத்துல அதை வச்சுக்கோ. 2024-லேருந்து பாடத்திட்டத்தையும் குறைச்சிருக்காங்க, பழைய கைடை நம்பாத.

ஒரு வேடிக்கை சொல்லட்டா? அந்த பன்னிரண்டாம் வகுப்பு புக்ல மனித உடல்நலமும் நோயும்னு ஒரு பாடம் வரும். டைபாய்டை விடால் டெஸ்ட் மூலமா உறுதி செய்யலாம்னு ஒரு வரி. பரீட்சையில கேட்டா நீ அதைத்தான் டிக் பண்ணணும். வார்டுல நான் ஒரு வருசமா பார்க்கறேன், அந்த டெஸ்ட்டை மட்டும் நம்பி மாசக்கணக்குல சுத்தி, கடைசியா எங்ககிட்ட வர்றவங்க எத்தனை பேரு. சாயங்கால ஜுரம், எடை குறையுதுன்னு சொன்னா எங்க சார் முதல்ல எக்ஸ்ரேதான் எடுக்கச் சொல்லுவாரு. நீ அந்த வரிக்குப் பக்கத்துல பென்சில்ல உன் தேதியை எழுதி வச்சுக்கோ. மறக்காது.

விடறதா முடிக்கறதான்னா, ரெண்டையும் ஒண்ணா செய்யாத. ஏப்ரல் செமஸ்டரும் மே மாச நீட்டும் அடுத்தடுத்து. நான் அப்படிச் செஞ்சுதான் ரெண்டாவது தடவை ரெண்டுலயும் கவுந்தேன். மூணாவது தடவைதான் கிடைச்சது. என் யோசனை, ஏப்ரல்ல டிகிரியை முடி. இந்த மே நீட் சும்மா ஹால்ல உக்காந்து பார்க்கறதுக்கு. அடுத்த மே-க்கு ஒரு வருசம் முழுசா.

---

உண்மை சுடும்

எல்லாரும் பூ போட்டுக்கினு இருக்கீங்க. 243-லேருந்து சீட்டு வாங்கற மார்க்குக்குப் போறது என்ன விளையாட்டா? என் அண்ணன் பையன் நாலு வருசம் நீட் நீட்னு ரூம்ல உக்காந்து இப்ப யார்கிட்டயும் பேசறதில்ல. தறி ஓட்டற வீடு, பொண்ணுக்கு வயசு ஏறுது. நர்சிங், பி.எஸ்சி. எம்.எல்.டி. (மெடிக்கல் லேப் படிப்பு), ரேடியாலஜி எல்லாம் தமிழ்நாட்டுல பிளஸ் டூ மார்க்லேயே கிடைக்குது. 541 வச்சிருக்கற பொண்ணு. வேலூர்ல அந்த வேலைக்கு என்னிக்கும் பஞ்சம் கிடையாது. யோசி.

---

ரெண்டாம் ஆட்டம்

அண்ணா, நீங்க சொல்றதுல பாதி சரி. கட்-ஆஃப் ஒவ்வொரு வருசமும் பேப்பரைப் பொறுத்து ஏறும் இறங்கும், 7.5-க்கு பொதுவை விட நல்லாவே இறங்கும். ஆனாலும் 243 போதாது, அதை நானும் மறைக்கல. அதனாலதான் ஒரு வருசம்னு சொன்னேன், நாலு வருசம்னு சொல்லல. உங்க அண்ணன் பையனை ஒரு டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போங்க, தயவுசெஞ்சு. அது நீட் விஷயம் இல்ல.

---

சாக்பீஸ்

நான் முப்பத்தொரு வருசம் விலங்கியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். வாத்தியார் பார்வையில ரெண்டு விஷயம் சொல்றேன்.

உங்க முதல் செமஸ்டர். அட்டெண்டன்ஸ் 75-க்குக் கீழ கொஞ்சம் குறைஞ்சா பணம் கட்டி கண்டோனேஷன் (குறைவை மன்னிச்சு விடறது) வாங்கி எழுதலாம். ரொம்ப இறங்கினா அந்த செமஸ்டர் எழுத விடமாட்டாங்க. 52-ங்கறது சர்டிபிகேட் எதுவா இருந்தாலும் சிக்கல்தான். ஆனா ரெண்டாவது செமஸ்டர்ல துறைத் தலைவர்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தா லேப்ல உக்கார வச்சிருப்பாங்க, இன்டெர்னல்ல கை கொடுத்திருப்பாங்க. என்கிட்ட அப்படி ரகசியமா வந்து சொன்ன பிள்ளைங்க ஏழெட்டு பேர் உண்டு. பேர் வெளிய போனதில்ல. மருந்து ஆரம்பிச்சு சில வாரத்துல பெரும்பாலானவங்ககிட்டருந்து அடுத்தவங்களுக்குத் தொத்தாது, அதுவும் உங்களோடது நுரையீரலுக்கு வெளியே கோத்த தண்ணி. இதை அந்த ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது எங்களை மாதிரி ஆளுங்க. நாங்க செய்யல.

ரெண்டாவது, அந்த ரெண்டு கெமிஸ்ட்ரி. அதை விட்டுட்டு நீட்டுக்குப் போகாதீங்க. நீட்ல 45 கேள்வி வேதியியல்தான், 180 மார்க். அரியருக்குப் படிக்கற கரிம வேதியியல் கொஞ்சம் அங்கயும் உதவும். டிகிரி கையில இருந்தா பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. எல்லாத்துக்கும் வாசல் திறந்திருக்கும். அரியர் வச்ச டிகிரிக்கு ஒரு வாசலும் இல்ல. "உண்மை சுடும்" சொன்ன எம்.எல்.டி.யும் நல்ல படிப்புதான். ஆனா அது இந்தப் பொண்ணு கேட்ட கேள்வி இல்லையே.

எங்க பாட்டி குடியாத்தம் ரோட்டுல மரத்தடியில, சி.எம்.சி.யை ஆரம்பிச்ச டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா வண்டி நிக்கும்னு சொல்லுவாங்க, காலைலேருந்து ஜனங்க வரிசையில உக்காந்திருப்பாங்களாம். 1918-ல அந்தம்மா பெண்களுக்குன்னு மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சாங்க. உங்க வீட்டுலேருந்து அந்த ரோடு எவ்ளோ தூரம்? சும்மா கேட்டேன்.

---

தறிச்சத்தம் (குடியாத்தம்)

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாளா திரும்பத் திரும்பப் படிச்சேன். சார், அந்த ரோட்டுக்கு எங்க தெருவிலேருந்து நடந்தே போயிடலாம். தினமும் ஷேர் ஆட்டோ அங்கதான் பிடிக்கறேன், இந்தக் கதை தெரியாது.

அக்கா, செக்கப்புக்கு ஒரு தடவை போனேன், அப்புறம் போகல. நல்லாத்தானே இருக்கோம்னு விட்டுட்டேன். நேத்து போனேன். எக்ஸ்ரே தெளிவா இருக்கு, விலாவுக்குக் கீழ ஒரு சின்னத் தழும்பு மாதிரி மட்டும் இருக்குன்னாங்க. கண்ணும் காட்டினேன், புள்ளி புள்ளியா நம்பர் வருமே அந்த புக், எல்லாம் படிச்சுட்டேன்.

உண்மை சுடும் அண்ணா, உங்க மேல கோவம் இல்ல. அப்பாகிட்ட ஒரு வருசம்னு மட்டும்தான் கேட்டிருக்கேன். 2027 மே-ல வரலைன்னா எம்.எல்.டி. பாரம் நானே வாங்கறேன்னு சொல்லியிருக்கேன். அவரு தறியை நிறுத்தாமலே தலையாட்டினாரு. சரின்னு சொன்னாரா, பாவு அறுந்ததைப் பார்த்தாரான்னு தெரியல. அம்மா மட்டும், "டாக்டர் ஆனா முதல்ல இந்தப் பீடித் தூள் விஷயத்தை எனக்குப் படிச்சுச் சொல்லு"ன்னாங்க.

நேத்தே ஸ்கூலுக்கும் போனேன், 6-லேருந்து 12 வரைக்கும் போனஃபைடு வாங்க. 9-லேருந்து 12 உடனே எழுதிட்டாங்க. 6, 7, 8 நான் படிச்சது நடுநிலைப்பள்ளியில, அந்த ரிஜிஸ்டர் அங்கதான் இருக்கும், அங்க போய் வாங்குன்னாங்க. வழியில போர்டைப் பார்த்தேன், பாலாறு சார். நகராட்சி நடுநிலைப்பள்ளின்னு இருக்கு. உதவி பெறும்னு இல்ல. நகராட்சிப் பள்ளி கணக்குல வரும்தானே?

---

பாலாறு வத்திப்போச்சு

வரும் பாப்பா. நகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்குத்தான். ஹெட்மாஸ்டர் கையெழுத்து, சீல், சேர்ந்த வருசம், விட்ட வருசம் எல்லாம் இருக்கான்னு பார்த்து வாங்கு. உன் பேரு, இனிஷியல் பிளஸ் டூ மார்க்ஷீட்ல இருக்கற மாதிரியே இருக்கணும். ஒரு புள்ளி மாறினாலும் கவுன்சலிங்ல அலைய விடுவாங்க.

---

தறிச்சத்தம் (குடியாத்தம்)

இனிஷியல் ரெண்டு இருக்கு, ஒண்ணுல தாத்தா ஊர் சேர்த்து. நல்லவேளை சொன்னீங்க. திங்கக்கிழமை காலைல போறேன். அன்னிக்கு காலேஜ் லீவ் போடணும், பரவாயில்ல, அட்டெண்டன்ஸ் 88 இருக்கு.